நிலத்தடி வடிகால் குழாய்: வாட்டம் தவறாமல் பதிக்கும் முறை

மழை விட்டு ஒரு மாதம் ஆகியும் காலடி பதிந்தால் தண்ணீர் கசியும் கொல்லைகள் ஜவ்வாது மலையில் பல உள்ளன. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், மலைச்சரிவு முடிந்து சமநிலம் தொடங்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம். மேலே சாமை நன்றாக விளைந்திருக்கும். அதே விவசாயியின் கீழ்க்கொல்லையில் பயிர் மஞ்சளித்து, வேர் அழுகி, கோரை மண்டியிருக்கும். நெல்லுக்கு அந்த ஈரம் தாங்கும். சாமை, கேழ்வரகு, காய்கறி, வாழை, மிளகு ஆகியவற்றுக்குத் தாங்காது. மிளகுக் கொடியில் வாடல் நோய் பரவ வடிகால் இல்லாத மண் பெரிதும் துணை செய்கிறது.

இத்தகைய நிலங்களுக்கு நிலத்தடி வடிகால் குழாய் நல்ல தீர்வு. ஆனால் இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. தரைக்கு மேல் வெட்டிய வாய்க்காலில் தவறு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மண்வெட்டியால் திருத்தி விடலாம். குழாயை மூடிய பிறகு தவறு தெரியாது. தெரியவரும்போது செலவழித்த பணமும் உழைப்பும் மண்ணுக்குள் போயிருக்கும். ஆகவே குழாயின் தரத்தைக் காட்டிலும் அதன் நேரும் வாட்டமும் முக்கியம். அவற்றைச் சரியாக அமைக்கும் முறையை, விலையுயர்ந்த கருவி ஏதுமின்றிச் சிறு விவசாயி தானே செய்யக்கூடிய வகையில் இங்குக் காண்போம்.

மலையில் கண் ஏமாற்றும்

பல ஆண்டுகளுக்கு முன் இம்மலைத் தொடரின் ஒரு சிற்றூரில், என் மேற்பார்வையில் 200 அடி நீளத்துக்குக் குழாய் பதித்தோம். நிலம் பார்வைக்கு நல்ல சரிவாக இருந்தது. 'சரிவான நிலத்தில் எங்கும் ஒரே ஆழம் தோண்டினால் போதும், தண்ணீர் தானே ஓடும்' என்று நான் சொன்னேன். ஓரிடத்தில் பாறை தட்டியது. அந்த இடத்தில் மட்டும் குழாயைச் சற்று மேலே தூக்கிப் பதித்து மூடினார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த பருவமழையில் குழாயின் வாயில் நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. கொல்லையின் மேல்பாதி முன்போலவே ஊறிக் கிடந்தது. கோடையில் தோண்டிப் பார்த்தோம். பாறைக்கு மேற்புறம் சுமார் 30 அடி நீளத்துக்குக் குழாயின் வயிறு தாழ்ந்து, உள்ளே வண்டல் முக்கால் பங்கு அடைத்திருந்தது. அந்த விவசாயி ஆடு விற்ற பணத்தில் குழாய் வாங்கியவர். அவர் கோபப்படவில்லை. "தண்ணி மேட்டுல ஏறாதுன்னு எனக்குத் தெரியும் சார். குழாய் மேடா கிடக்குதுன்னுதான் தெரியல" என்று மட்டும் சொன்னார். தவறு என்னுடையது. அளந்து பார்க்காமல் கண்ணை நம்பியதே அந்தத் தவறு.

மலையில் கண்ணை நம்பக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் அடிவானம் நமக்கு மட்டத்தைக் காட்டுகிறது. மலையிலோ சுற்றிலும் எல்லாமே சாய்ந்து நிற்கின்றன. செங்குத்துச் சரிவுக்கு அருகில் இருக்கும் மெல்லிய சரிவு, மட்டமாகவோ ஏற்றமாகவோ தோன்றும். ஏற்றம் இறக்கமாகத் தோன்றுவதும் உண்டு. அனுபவசாலிகளும் இதில் ஏமாறுவார்கள்.

பழைய தொழில்தான்

குழாய் வழியே நீரை வெளியேற்றுவது நமக்குப் புதிதல்ல. கீழடியில் 2019-இல் நடந்த ஐந்தாம் கட்ட அகழாய்வில், ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. பயிர் நிலத்து வடிகாலைப் பொறுத்தவரை இருவரின் கதை நமக்குப் பயன்படும்.

இங்கிலாந்தில் வார்விக்சயர் பகுதியைச் சேர்ந்த ஜோசப் எல்கிங்டன் என்ற விவசாயியின் நிலம் 1764-ஆம் ஆண்டளவில் நீர் ஊறிப் பாழாகிக் கிடந்தது. ஈரத்தால் அவருடைய செம்மறி ஆடுகள் நோயுற்றன. அவர் வெட்டிய ஆழமான வடிகாலும் பயன் தரவில்லை. ஒருநாள் அதன் அடியில் கடப்பாரையை ஆழமாக இறக்கி எடுத்தார். துளை வழியே தண்ணீர் பீறிட்டது. நிலத்தை நனைப்பது மேலே பெய்யும் மழை மட்டுமல்ல, மேட்டிலிருந்து மண்ணுக்கடியில் வரும் ஊற்று நீர் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். ஊற்றை அது வெளிப்படும் இடத்துக்கு மேலேயே மறித்துப் பிடிக்கும் முறை இவ்வாறு பரவியது. 1795-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவருக்கு 1,000 பவுன் பரிசளித்தது. ஜவ்வாது மலையின் ஊறல் கொல்லைகளுக்குப் பொருந்துவது இந்த முறைதான்.

அமெரிக்காவில் ஜெனீவா என்ற ஊருக்கு அருகில் குடியேறிய ஜான் ஜான்ஸ்டன், 1835-இல் தம் தாய்நாடான ஸ்காட்லாந்திலிருந்து மாதிரி வரவழைத்துச் சுடுமண் குழாய்கள் செய்வித்துப் பதித்தார். அவர் மண்ணில் சட்டிப்பானையைப் புதைப்பதாக அண்டை நிலத்தார் கேலி செய்தனர். விளைச்சலைக் கண்டபின் அவர்களும் அதையே செய்தார்கள். நம் நாட்டில், 1969-இல் தொடங்கப்பட்டு கர்னாலில் இயங்கும் மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையம், அரியானா மாநிலத்தில் நிலத்தடிக் குழாய்கள் பதித்து உவர் நிலங்களைச் சீராக்கிக் காட்டியுள்ளது.

முதலில் கவனிக்க வேண்டியவை

குழாய் வாங்குமுன் நான்கு செய்திகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. மழைநீர் தேங்குவதுதான் காரணம் என்றால் மேல் வாய்க்காலே போதும், குழாய் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊறல் தொடங்கும் மேல்விளிம்பில் வரிசையாக முளை அடித்து அடையாளம் வையுங்கள். கோடையில் அந்த விளிம்பு தெரியாது. முளைகளுக்கு அருகில் 3 அடி ஆழத்தில் இரண்டு மூன்று சோதனைக் குழிகள் எடுத்து, நீர் எந்த ஆழத்தில் ஊறுகிறது என்று பாருங்கள். மண்ணில் சாம்பல் நிறமும் துருப்பிடித்தாற்போன்ற செம்புள்ளிகளும் கலந்திருந்தால், அங்கு ஆண்டின் பெரும்பகுதி நீர் நிற்கிறது என்று பொருள்.

இரண்டாவது, நீர் எங்கே போகும் என்பது. வெளிவாய் அமையும் இடத்தை முடிவு செய்யாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக்கூடாது. உங்கள் கொல்லையின் நீரைக் கீழ் நிலத்துக்காரர் கொல்லையில் விட்டால் பயிரோடு உறவும் கெடும். அவரோடு பேசி, இருவருக்கும் பொதுவான ஓடையில் விடுங்கள். குட்டை அமைத்துத் தேக்கினால் கோடையில் காய்கறிக்கு ஆகும். அந்த ஊற்று ஊரார் குடிநீர் எடுக்கும் சுனைக்கு ஆதாரமாக இருந்தால் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது, வெளிவாய் நீரைச் செங்குத்துச் சரிவில் ஒரே இடத்தில் கொட்ட விடக்கூடாது. நீர் ஊறிய மலைமண் எப்படிச் சரியும் என்பதை நம் மாவட்டம் கண்டிருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. வடிகால் நீரைக் கல் பாவிய ஓடை வரையில் மூடிய குழாயிலேயே கொண்டு சேர்க்க வேண்டும். காப்புக்காட்டு எல்லைக்குள் தோண்டுவதும் கூடாது.

நான்காவது, எத்தனை அங்குலக் குழாய் என்பது. ஊறல் மிகுந்த காலத்தில் சிறு கால் வெட்டி, கசியும் நீரை ஒன்றாகத் திருப்பி, 15 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 10 வினாடியில் நிரம்பினால் வரத்து வினாடிக்கு ஒன்றரை லிட்டர். வரிவரியான துளைக் குழாயில் 4 அங்குலம் உடையது, 100 அடிக்கு 6 அங்குல வாட்டத்தில், வினாடிக்குச் சுமார் 3 லிட்டர் நீரைக் கடத்தும். ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் 40,000 லிட்டர். அதை ஒரு நாளில் வடிக்க வினாடிக்கு அரை லிட்டர் ஓட்டமே போதும். எனவே பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு 4 அங்குலக் குழாய் போதுமானது. வாளி 5 வினாடியிலேயே நிரம்பினால் 6 அங்குலக் குழாய் இடுங்கள்.

வாட்டம் எவ்வளவு?

வாட்டம் குறைந்தால் வண்டல் படியும். மிகுந்தால் குழாயைச் சுற்றியுள்ள மண் அரித்து, இணைப்புகள் நெகிழ்ந்து, மேல்மண் உள்வாங்கும். கையால் பதிக்கும் விவசாயிகளுக்கு நான் சொல்லும் அளவு, 100 அடிக்கு 6 அங்குலம். அதாவது 200-க்கு 1. எவ்வளவு குறைத்தாலும் 100 அடிக்கு 3 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். கைவேலையில் வரும் சிறு ஏற்றத்தாழ்வே அந்த வாட்டத்தை விழுங்கி விடும். துளைக் குழாயில் 100 அடிக்கு 2 அடிக்கு மேலும் வேண்டாம். அதைவிடச் செங்குத்தாக இறங்க வேண்டிய இடத்தில், துளையில்லாக் குழாயை இறுக்கமாக இணைத்துப் பதியுங்கள்.

'வாட்டம் கூடுதலாக வைத்தால் தவறு நேர்ந்தாலும் தண்ணீர் ஓடிவிடும்' என்று சிலர் எண்ணுகிறார்கள். வாட்டத்தை நான்கு மடங்காக்கினால் நீரின் வேகம் இரண்டு மடங்குதான் ஆகிறது. ஆனால் ஓரிடத்தில் குழாயின் வயிறு தாழ்ந்திருந்தால், அங்கு நீர் தேங்கி வண்டலை இறக்கும். 4 அங்குலக் குழாயில் 1 அங்குலம் வண்டல் படிந்தால் ஐந்தில் ஒரு பங்கு வழி அடைபடும். 2 அங்குலம் படிந்தால் பாதி போய்விடும். ஆகவே வாட்டம் நிறைய இருப்பதைவிட, எங்கும் ஒரே சீராக இருப்பதே முக்கியம். வழியில் வாட்டத்தைக் குறைக்க நேர்ந்தால், அந்த இடத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். அதன் அடிமட்டம் குழாயைவிட ஒன்றரை அடி தாழ்வாக இருக்கட்டும். தொட்டிக்கு மூடி போடுங்கள். ஆண்டுக்கொருமுறை வண்டலை அள்ளி விடுங்கள்.

எந்தக் கருவி?

கொத்தனார் வைத்திருக்கும் 9 அங்குல ரசமட்டம் சுவருக்குச் சரி, குழாய் வரிசைக்குப் போதாது. கணக்கிட்டுப் பாருங்கள். 9 அங்குலத்தில் அரை நூல், அதாவது ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தவறினால், 100 அடியில் அது 8 அங்குலத்துக்கும் மேல் ஆகிவிடும். நாம் வைக்கப்போகும் வாட்டமே 6 அங்குலம்தான். கைப்பேசியில் வரும் மட்டம் பார்க்கும் வசதிக்கும் இதே குறை உண்டு.

ஏற்றது நீர்மட்டக் குழாய். கட்டட வேலைக்காரர்கள் டியூப் லெவல் என்பார்கள். அரை அங்குலக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் 40 அடி போதும். 5 அடி உயரத்தில் இரண்டு சட்டங்கள் எடுத்து, அங்குலமும் நூலும் குறித்த அளவு நாடாவை இரண்டிலும் அடியிலிருந்து ஒட்டுங்கள். குழாயின் இரு முனைகளையும் சட்டங்களில் கட்டி நீர் நிரப்புங்கள். இரு முனைகளிலும் நீர் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். இதில் கருவிப் பிழைக்கு இடமில்லை. ஆனால் ஐந்து எச்சரிக்கைகள் உண்டு.

1. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழியும் இருக்கக்கூடாது. நிரப்பியதும் இரு முனைகளையும் அருகருகே பிடித்து, நீர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்த பின்பே வேலையைத் தொடங்குங்கள்.

2. நகரும்போது இரு முனைகளையும் கட்டைவிரலால் மூடுங்கள். அளக்கும்போது இரண்டையும் திறந்து விடுங்கள். ஒன்று மூடியிருந்தாலும் அளவு பொய்யாகும்.

3. குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் நெடுநேரம் கிடக்க விடாதீர்கள். காலையில் அளப்பது நல்லது.

4. நீரின் ஆட்டம் நின்ற பின் படியுங்கள். நீர்ப்பரப்பு ஓரத்தில் ஏறியிருக்கும். நடுவில் குழிந்த பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்.

5. அளக்கும்போது குழாயை யாரும் மிதிக்கக்கூடாது.

நேர் அமைத்தல்

குழாயை ஊறலின் நடுவில் பதிக்கக்கூடாது. மழைக்காலத்தில் அடித்த முளைகளுக்குச் சற்று மேலே, சரிவுக்குக் குறுக்காகப் பதிக்க வேண்டும். அப்போதுதான் நீர் வேரை அடையுமுன் பிடிபடும்.

நிலம் ஓரளவு சமமாக இருந்தால் நேர்கோடே சிறந்தது. இரு முனைகளிலும் கம்பு நட்டு, ஒருவர் முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்க, இடைக் கம்புகளை ஒன்றின் பின் ஒன்று மறையும்படி நடுங்கள். பிறகு 25 அடிக்கு ஒரு முளை அடியுங்கள். நிலம் வளைந்து சென்றால் நேர்கோடு பிடிவாதமாக வேண்டாம். ஓரிடத்தில் ஐந்தடியும் மற்றோரிடத்தில் ஓரடியும் தோண்ட வேண்டி வரும். வெளிவாயிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு 25 அடிக்கும் தரை ஒன்றரை அங்குலம் மட்டும் உயரும் இடத்தை நீர்மட்டக் குழாயால் தேடித் தேடி முளை அடித்துச் செல்லுங்கள். சம உயரக் கோட்டுக்கு அருகில் செல்லும் இந்த வழியில் ஆழம் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வளைவுகளைப் பெரிதாக, மெதுவாகத் திருப்புங்கள். முழங்கைபோல் மடக்கிய இடத்தில் வண்டல் நிற்கும். மடக்குவது தவிர்க்க முடியாததானால் அங்கே தொட்டி கட்டுங்கள்.

நேர் குறித்ததும், வேலைக்கு ஆள் வைக்குமுன், 10 அடிக்கு ஓரிடத்தில் கடப்பாரையை இறக்கிப் பாறை இருக்கிறதா என்று பாருங்கள். பாறை இருந்தால் நேரைச் சற்று மேலோ கீழோ நகர்த்துங்கள். அல்லது வெளிவாயிலிருந்து முழு நீளத்துக்கும் வாட்டத்தை மறுபடி கணக்கிடுங்கள். ஓரிடத்தில் மட்டும் குழாயைத் தூக்குவது கூடாது. நான் செய்த தவறு அதுவே. பலா, புளி, மா மரங்களுக்கு அருகில் செல்ல நேர்ந்தால் அந்தப் பகுதிக்குத் துளையில்லாக் குழாய் போடுங்கள். இல்லாவிட்டால் வேர் உள்ளே புகுந்து அடைத்துவிடும்.

ஒரு கணக்கு

100 அடி நீளக் குழாய். வெளிவாயில் ஆழம் 30 அங்குலம். வாட்டம் 100 அடிக்கு 6 அங்குலம், அதாவது 25 அடிக்கு ஒன்றரை அங்குலம். வெளிவாய் முளை 1-ஆம் எண். மேலே செல்லச் செல்ல 2, 3, 4, 5.

நீர்மட்டக் குழாயின் ஒரு சட்டத்தைக் கீழ் முளை அருகிலும், மற்றதை மேல் முளை அருகிலும், தரையில் நிறுத்திப் படிக்க வேண்டும். எந்தச் சட்டத்தில் எண் பெரிதோ அந்த இடத்துத் தரை தாழ்வு. இதை மாற்றி எண்ணினால் கணக்கு முழுதும் தலைகீழாகி விடும்.

1-லிருந்து 2: கீழ்ச்சட்டம் 41, மேல்சட்டம் 39. ஏற்றம் 2 அங்குலம்.
2-லிருந்து 3: கீழ்ச்சட்டம் 41½, மேல்சட்டம் 38½. ஏற்றம் 3 அங்குலம்.
3-லிருந்து 4: கீழ்ச்சட்டம் 39½, மேல்சட்டம் 40½. இறக்கம் 1 அங்குலம்.
4-லிருந்து 5: கீழ்ச்சட்டம் 42½, மேல்சட்டம் 37½. ஏற்றம் 5 அங்குலம்.

எனவே 1-ஆம் முளையின் தரையை விட மற்றவற்றின் தரை முறையே 2, 5, 4, 9 அங்குலம் உயரம். குழாயின் அடிமட்டமோ 1-ஆம் முளையில் தரைக்கு 30 அங்குலம் கீழே தொடங்கி, முளைக்கு முளை ஒன்றரை அங்குலம் உயர வேண்டும். ஆக, ஒவ்வொரு முளையிலும் வேண்டிய ஆழம் இவ்வளவு:

1-ஆம் முளை: 30 அங்குலம்.
2-ஆம் முளை: 30 கூட்டல் 2 கழித்தல் 1½. ஆக 30½ அங்குலம்.
3-ஆம் முளை: 30 கூட்டல் 5 கழித்தல் 3. ஆக 32 அங்குலம்.
4-ஆம் முளை: 30 கூட்டல் 4 கழித்தல் 4½. ஆக 29½ அங்குலம்.
5-ஆம் முளை: 30 கூட்டல் 9 கழித்தல் 6. ஆக 33 அங்குலம்.

எங்கும் 30 அங்குலமே தோண்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மேல்முனை கீழ்முனையைவிட 9 அங்குலம் உயரமாகவே இருந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வாட்டம் தாராளம். ஆனால் 4-ஆம் முளையில் குழாய், அதற்குக் கீழ்ப்புறமுள்ள 3-ஆம் முளையைவிட ஓர் அங்குலம் தாழ்ந்து போயிருக்கும். மேலிருந்து வரும் வண்டல் அங்கேயே தங்கும். 'ஒரே ஆழம்' என்பது 'ஒரே வாட்டம்' ஆகாது. இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

அளந்து முடித்ததும் 5-இலிருந்து 1-க்குத் திரும்பவும் ஒருமுறை அளந்து வாருங்கள். இரு கணக்குக்கும் வேறுபாடு 2 நூலுக்குள் இருந்தால் சரி. மிகுந்தால் குமிழியைத் தேடுங்கள்.

குறுக்குச் சட்டமும் கயிறும்

தாளில் எழுதிய கணக்கைப் பள்ளத்துக்குள் இறக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு முளையிலும், பள்ளம் வரும் இடத்தின் இருபுறமும் இரண்டு கம்புகளை உறுதியாக நட்டு, அவற்றில் ஒரு குறுக்குச் சட்டத்தைக் கட்டுங்கள். சட்டத்தின் மேல்விளிம்பு குழாயின் அடிமட்டத்திலிருந்து எங்கும் சரியாக 60 அங்குல உயரத்தில் இருக்கட்டும். மேற்கண்ட கணக்கில், 1-ஆம் முளையில் ஆழம் 30 என்பதால் சட்டம் தரைக்கு மேல் 30 அங்குலம். 3-ஆம் முளையில் ஆழம் 32 என்பதால் 28 அங்குலம். 5-ஆம் முளையில் ஆழம் 33 என்பதால் 27 அங்குலம்.

சட்டங்களின் நடுவில், பள்ளத்தின் நேருக்கு மேலே, நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கயிறு தொய்ந்தால் அளவு பொய்க்கும் என்பதால் 25 அடிக்கு ஒரு சட்டம் அவசியம். சட்டங்களின் மேல்விளிம்புகளை ஒரு முனையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கோட்டில் மறைய வேண்டும். ஒன்று மட்டும் மேலோ கீழோ தெரிந்தால் அந்த முளையின் கணக்கில் பிழை இருக்கிறது. தோண்டுமுன் கண்டுபிடித்தால் பென்சிலால் திருத்தலாம்.

இனி 60 அங்குல நீளமுள்ள ஒரு கோல் போதும். பள்ளத்தின் அடியில் செங்குத்தாக நிறுத்தும்போது கோலின் தலை கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நின்றால் ஆழம் சரி. கயிற்றைத் தூக்கினால் இன்னும் தோண்ட வேண்டும். கயிற்றுக்கு எட்டாமல் நின்றால் ஆழம் மிஞ்சிவிட்டது. எண் படிக்கத் தெரியாதவரும் இந்தக் கோலைக் கொண்டு பிழையின்றித் தோண்டலாம்.

தோண்டுதலும் பதித்தலும்

தை, மாசி முதல் கோடை மழைக்கு முன் வேலையை முடிப்பது நல்லது. வெளிவாயில் தொடங்கி மேல்நோக்கித் தோண்டுங்கள். இடையில் ஊறும் நீர் தானே வடிந்துகொண்டே இருக்கும். பள்ளத்தின் அகலம் ஓரடி போதும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடி தள்ளிப் போடுங்கள். 4 அடிக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக்கூடாது. ஈரமண் சொல்லிக்கொண்டு சரியாது.

கடைசி 2 அங்குலத்தைக் கோல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்குங்கள். ஆழம் மிஞ்சிவிட்டால் தளர்ந்த மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள். அது பின்னர் அமுங்கி வயிறு விழும். சரளை போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். குழாய்க்கு அடியில் 2 அங்குலச் சரளைப் படுக்கை இடுவதானால், அந்த 2 அங்குலத்தையும் சேர்த்தே தோண்ட வேண்டும்.

கடையில் துளைக் குழாய் கிடைக்காவிட்டால் 4 அங்குல பி.வி.சி. குழாயில் ஆக்சா பிளேடால் குறுக்குக் கீற்றுகள் போடலாம். கீற்றுகள் கீழ்ப்பாதியில் அமையட்டும். குழாயை வெளிவாயிலிருந்து மேல்நோக்கிப் பதித்து, மேல்முனையை மூடியால் அடையுங்கள். ஒவ்வொரு துண்டையும் வைத்ததும் இரு முனைகளிலும் அளந்து பாருங்கள். குழாயின் முதுகின் மேல் கோலை நிறுத்துவதால், குழாயின் வெளிவிட்டம் எவ்வளவோ அவ்வளவு குறைத்து வெட்டிய வேறொரு கோலை வைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுற்றிலும் சுத்தமான சரளையோ சிறு ஜல்லியோ 3 அங்குலம் இடுங்கள். நைலான் வலையோ தென்னை நாரோ சுற்றினால் நுண்மண் உள்ளே புகாது.

மூடுமுன் ஒரு சோதனை. மேல்முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கீற்றுகள் வழியே கொஞ்சம் கசிந்தாலும் மீதி வெளிவாய்க்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் எங்கே நிற்கிறது என்று இப்போதே பாருங்கள். மண்ணை முதலில் கையால் மெதுவாக இட்டு, பிறகு தள்ளுங்கள். பெரிய கல் குழாயின் மேல் விழக்கூடாது.

வெளிவாய்ப் பக்கம் கடைசி 10 அடிக்குத் துளையில்லாக் குழாய் இடுங்கள். வாய், ஓடையின் வழக்கமான நீர்மட்டத்துக்கு ஓரடியாவது மேலே இருக்கட்டும். விழும் இடத்தில் கல் பாவுங்கள். எலியும் நண்டும் நுழையாதபடி கம்பி வலை பொருத்துங்கள். வலையில் சேரும் சருகை மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் படம் வரைந்து வையுங்கள். பெயராத பாறை, கிணறு, எல்லைக்கல் ஆகியவற்றிலிருந்து குழாய் எத்தனை அடியில் செல்கிறது, எங்கே தொட்டி, எங்கே எவ்வளவு ஆழம் என்பதைக் குறியுங்கள். நிலப்பட்டாவோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். இருபது ஆண்டு கழித்து உங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் கிணறோ வீடோ எடுக்கும்போது அது உதவும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

* மழைக்காலத்தில் அடையாளம் இடுங்கள்; கோடையில் தோண்டுங்கள்.
* வெளிவாயை முடிவு செய்த பின்பே வேலையைத் தொடங்குங்கள்.
* 100 அடிக்கு 6 அங்குலம் நல்ல வாட்டம். 3 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.
* தரையைப் பார்த்துத் தோண்டாதீர்கள். கயிற்றைப் பார்த்துத் தோண்டுங்கள்.
* பாறை குறுக்கிட்டால் குழாயைத் தூக்காதீர்கள். நேரையோ கணக்கையோ மாற்றுங்கள்.
* நீர் ஊற்றிப் பார்க்காமல் மூடாதீர்கள்.

நீர்மட்டக் குழாய் வாங்கச் செலவு அதிகம் இல்லை. ஊருக்கு ஒன்று இருந்தால் பத்துப் பேர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். ஐயம் இருந்தால், கணக்கு எழுதிய தாளோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையோ பாருங்கள். தோண்டும் முன் பாருங்கள். நான் குறிப்பிட்ட அந்த விவசாயியும் நானும் அடுத்த கோடையில் அதே 200 அடியை நீர்மட்டக் குழாயால் அளந்து, நேரைப் பாறைக்கு ஆறடி மேலே நகர்த்தி, மறுபடி பதித்தோம். அதற்கடுத்த கார்த்திகையில் வெளிவாயில் தண்ணீர் தடையின்றி ஓடியது. கோரை மண்டிய கொல்லையில் அவர் சாமை விதைத்தார். அளப்பதற்கு எங்களுக்குப் பிடித்த நேரம் ஒரு காலைப்பொழுது. அதை முதலிலேயே செய்திருந்தால் அவருடைய ஆடுகளின் விலை ஓராண்டு மண்ணுக்குள் கிடந்திருக்காது.